உண்மைதானே, பகிர்ந்தால் என்ன?



கருத்துச் சுதந்திரம் என்ற தலைப்பை எடுத்தாலே நாம் உடனே அரசியலுக்குப் போய்விடுவோம். யார் யாரைத் திட்டலாம், எந்த மதத்தைப் பற்றி என்ன பேசலாம், யாரை எப்போது உள்ளே தள்ளுவார்கள் என்று பேச்சு நீளும். அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அரசாங்கத்தை எதிர்த்து மேடை ஏறப் போவதில்லை. நாம் தினமும் செய்கிற ‘பேச்சு’ வேறு. புலனத்தில் ஒரு படம் வருகிறது, விரல் அதை அடுத்த குழுவுக்குத் தள்ளி விடுகிறது. அந்தப் படத்தில் சாலையில் கிடக்கும் ஓர் உடல் இருந்தால்? அதை அனுப்புவதும் என் உரிமையில் சேர்ந்ததா? இந்தக் கேள்வியைத்தான் இங்கே கொஞ்சம் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

2025 ஜூன் 9 அன்று அதிகாலையில், கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்தது. ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். எல்லாரும் என் வயது, ஒன்றிரண்டு கூடக் குறைய. விடுமுறை முடிந்து பேருந்தில் வளாகத்துக்குத் திரும்புவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்; அதனால் அந்தச் செய்தி நெஞ்சில் வந்து இடித்தது. அன்று காலை எங்கள் வகுப்புக் குழுவில் இரங்கல் செய்திகளுக்கு நடுவே ஒருவர் கேட்டிருந்தார்: “வீடியோ இருக்கா?” கேட்டவர் கெட்டவர் இல்லை. நன்றாகப் படிப்பார், கேட்டால் உதவி செய்வார். அதனால்தான் அந்த இரண்டு சொற்கள் என்னை இன்னும் விடவில்லை.

பகிர்பவர்கள் சொல்லும் காரணங்கள்

எங்கள் கிளையில் முன்பு செயலாளராக இருந்த ஓர் அண்ணனிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் என் பக்கம் இல்லை.

“தம்பி, படத்த மறைச்சா உண்மையும் மறைஞ்சிடும். பசங்க மோட்டார்ல தலைக்கவசம் இல்லாம பறக்குறானுங்க. ஒரு படத்த பாத்தா நாலு நாளைக்காவது பயம் இருக்கும். நீ அறிவுரை சொன்னா எவன் கேப்பான்?”

அவர் சொல்வதைத் தட்டிக் கழிக்க முடியாது. இந்த நாட்டில் சாலை விபத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 பேர் இறக்கிறார்கள். அதில் பாதிக்கும் மேல் மோட்டார்சைக்கிளில் போனவர்கள். நம் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஒரு படம் ஓர் உயிரைக் காப்பாற்றும் என்றால் அதை அனுப்பக் கூடாது என்று சொல்ல நான் யார்?

ஆனால் காப்பாற்றுகிறதா? அண்ணன் சொன்ன அந்த ‘நாலு நாளை’ அவரே கணக்குப் போட்டுவிட்டார். பயம் நாலு நாளில் போய்விடும். அடுத்த படம் இன்னும் கோரமாக இருந்தால்தான் உறைக்கும். நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே இந்த மாதிரிப் படங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எண்ணிக்கை குறையவில்லை. நம் நாட்டில் மோட்டார்காரர்களின் உயிரைக் காத்த முயற்சிகள் என்று பார்த்தால், 1973-இல் வந்த தலைக்கவச விதி, கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று தனியாகப் போட்ட பாதை, 1992-இல் வந்த பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்ற விதி, இப்படித்தான் பட்டியல் போகிறது. எல்லாமே யாரோ உட்கார்ந்து காரணத்தைத் தேடி, கணக்குப் போட்டு, சட்டமாக்கிய வேலை. பயத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நான் பொறியியல் மாணவன். விபத்துகளைப் படிப்பது எங்கள் பாடத்தின் ஒரு பகுதி. 1993 டிசம்பர் 11-இல் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்ததை இங்கே கட்டுமானம் படிக்கும் எவரும் தெரிந்துகொள்ளாமல் போக முடியாது. சரிந்து கிடக்கும் கட்டடத்தின் படத்தைப் பார்க்கிறோம். பின்னால் இருந்த மலைச்சரிவு, தாங்காத தடுப்புச் சுவர்கள், சரியாக ஓடாத வடிகால், இவற்றைப் படிக்கிறோம். ஏன் விழுந்தது, இனி எப்படி விழாமல் பார்ப்பது என்பதற்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. இறந்தவர்களின் முகத்தை யாரும் காட்டுவதில்லை. காட்டாததால் பாடம் குறைந்துவிடவும் இல்லை. ‘விழிப்புணர்வுக்காக’ என்று தலைப்புப் போட்டு வரும் படங்களை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். எந்த வளைவு, என்ன வேகம், சாலையில் குழியா, லோரியில் விளக்கு எரிந்ததா, எதுவும் இருக்காது. உடல் மட்டும் இருக்கும்.

யார் முதலில் பார்த்தார்கள்?

எங்கள் தாமானில் ஓர் அத்தை இருக்கிறார். உறவில்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் அவருடைய மகன் வேலை முடிந்து வரும் வழியில் லோரியில் அடிபட்டு இறந்தார். காவல் துறையிலிருந்து அழைப்பு வருவதற்கு முன்பே படம் குடியிருப்பாளர் குழுவுக்கு வந்துவிட்டது. அனுப்பியவர் யார் என்று தெரியாமல், ‘எல்லாரும் கவனமா போங்க’ என்று ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அத்தை மோட்டாரின் எண் பட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

காரியமெல்லாம் முடிந்து வெகு நாளைக்குப் பிறகு ஒரு முறை என்னிடம் சொன்னார்: “அவன் சிரிச்ச முகத்த நெனச்சுப் பாக்கணும்னு கண்ண மூடுறேன் தம்பி. அந்தப் படந்தான் வருது.”

அதோடும் முடியவில்லை. அந்தப் படம் ஊர் பெயர் மாறி, தேதி மாறி, வேறு விபத்தின் படமாக இன்னும் சுற்றுகிறது. ஒரு முறை அத்தையின் சொந்தக்காரர் ஒருவருக்கே வந்து சேர்ந்தது. ‘உண்மைதானே’ என்று சொல்கிறோம். மூன்றாவது குழுவுக்குப் போகும்போதே அது உண்மையாக இருப்பதில்லை.

இங்கே எனக்கு மகாபாரதம் நினைவுக்கு வருகிறது. போர் தொடங்கும் முன் வியாசர் திருதராட்டிரனிடம் வந்து, நீ விரும்பினால் இந்தப் போரைப் பார்க்க உனக்குக் கண் தருகிறேன் என்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாத மன்னன் அதை வேண்டாம் என்கிறான். என் சொந்தங்கள் வெட்டுப்படுவதை நான் பார்க்க விரும்பவில்லை, என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்கிறேன் என்கிறான். அதன் பிறகுதான் சஞ்சயனுக்கு அந்தப் பார்வை கிடைக்கிறது. நாம் படிக்கும் கீதையே சஞ்சயன் சொல்லக் கேட்டதுதான்.

திருதராட்டிரனைப் பற்றி நமக்குப் பெரிய மரியாதை கிடையாது. போர் வரக் காரணமானவர்களில் அவனும் ஒருவன். அப்படிப்பட்டவனிடம்கூட ‘பார்க்கிறாயா?’ என்று முதலில் கேட்டார்கள். வேண்டாம் என்றதும் உண்மை அவனுக்கு மறைக்கப்படவில்லை. ஒவ்வொரு மகனின் சாவும் அவன் காதில் விழுந்தது. அறிவது வேறு, பார்ப்பது வேறு. அறியாமல் இருக்க அவனுக்கு வழியில்லை, பார்க்காமல் இருக்க உரிமை இருந்தது. நம் அத்தைக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. கைப்பேசி படத்தைத் தானே இறக்கி, திறந்த மாத்திரத்தில் கண் முன்னால் வைத்துவிட்டது.

பார்த்தே ஆக வேண்டிய படங்கள்

அப்படியானால் கொடுமையான படம் எதையும் யாரும் காட்டக் கூடாதா? இந்த இடத்தில்தான் எனக்கும் தெளிவு வர நாளாயிற்று.

1955-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் அடித்துக் கொன்றார்கள். முகம் அடையாளம் தெரியாமல் சிதைந்திருந்தது. அவன் தாயார் மேமி டில் சவப்பெட்டியை மூட மறுத்துவிட்டார். என் மகனுக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்பதே அவர் நிலை. சிகாகோவில் ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். ‘ஜெட்’ இதழ் படத்தை வெளியிட்டது. அமெரிக்கக் குடியுரிமைப் போராட்ட வரலாற்றில் அந்தப் படத்துக்கு ஓர் இடம் உண்டு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் குகன் என்ற நம் இளைஞர் காவல் துறையின் தடுப்புக் காவலில் இறந்தார். குடும்பத்தினர் சவக்கிடங்கில் அவர் உடலில் இருந்த காயங்களைப் படம் எடுத்தார்கள். படங்கள் பரவின. முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததைக் காரணமாகச் சொன்னது. குடும்பம் கேட்டுக்கொண்ட இரண்டாவது பரிசோதனை, அடிபட்ட காயங்களைக் காரணமாகச் சொன்னது. 2013-இல் உயர் நீதிமன்றம் அவர் தாயாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தப் படங்கள் இல்லாமல் இருந்திருந்தால் இத்தனை பேர் கேள்வி கேட்டிருப்பார்களா? பணமும் பதவியும் இல்லாத குடும்பத்துக்கு அந்தப் படம்தான் குரலாக இருந்தது.

இந்த இரண்டு படங்களும் நம் குழுவுக்கு வரும் விபத்துப் படத்தை விடக் கோரமானவை. ஆனாலும் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. பெட்டியைத் திறந்தவர் தாய். படத்தை எடுத்தவர்கள் குடும்பத்தார். இறந்தவரால் பேச முடியாது. அவருக்காகப் பேச யாருக்கு முதல் உரிமை இருக்கிறதோ அவர்கள் பேசினார்கள். தாமான் குழுவில் படத்தைத் தள்ளிய எவருக்கும் அத்தை அந்த உரிமையைக் கொடுக்கவில்லை. நாம் அதை ‘என் கருத்துச் சுதந்திரம்’ என்கிறோம். உண்மையில் அது இன்னொருவருடைய பேச்சை அவரிடம் கேட்காமல் எடுத்துப் பேசுவது.

சில படங்களில் பேசுவது யார் என்று இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2019 மார்ச் 15-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக் கொன்றவன், அதை முகநூலில் நேரலையாகக் காட்டினான். நேரலையில் பார்த்தவர்கள் 200-க்கும் குறைவு. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அதன் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக முகநூல் நிறுவனம் அறிவித்தது. அதில் 12 லட்சம் ஏற்றும்போதே தடுக்கப்பட்டவை. கொலைகாரன் ஒரு முறைதான் காட்டினான், மீதியை உலகம் செய்து கொடுத்தது. ‘பாருங்கள் எவ்வளவு கொடுமை’ என்று கண்டித்து அனுப்பியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். கண்டித்து அனுப்பினாலும் போய்ச் சேருவது அவன் எடுத்த படம்தான், அவன் விரும்பிய கோணத்தில்தான்.

சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்றால்?

‘இதுக்கெல்லாம் சட்டம் இருக்கே’ என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு பேச்சுரிமையைக் கொடுக்கிறது. அதே பிரிவு நாடாளுமன்றம் அதற்கு வரம்பு போடலாம் என்றும் சொல்கிறது. 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு ஆபாசமான, பொய்யான, மனத்தைக் கடுமையாகப் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்குகிறது. 2025-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் அபராதத்தின் உச்ச அளவு 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்தது.

அத்தையின் நிலையிலிருந்து பார்த்தால் இன்னும் கடுமையாகப் போட்டாலும் தகும் என்றுதான் தோன்றும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ‘கடுமையாகப் புண்படுத்தும்’ என்பது எவ்வளவு அகலமான வார்த்தை! குகனின் காயங்களைக் காட்டிய படமும் பார்ப்பவர் மனத்தைப் புண்படுத்தியதுதான். அதைத் தடுக்க நினைக்கும் ஓர் அதிகாரிக்கு அதே வார்த்தை போதும். அத்தையைக் காப்பாற்றப் பின்னும் வலை அந்தத் தாயின் வாயையும் மூடிவிடலாம். எனவே சட்டத்தின் வலையைக் குறுகலாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து: கொலைகாரன் எடுத்த காணொளி, பிள்ளைகள் துன்புறுத்தப்படும் படங்கள், மிரட்டல் ஆகியவற்றுக்குச் சட்டம் வேண்டும். மற்றதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சட்டத்திடமே விட்டுவிடுவது எளிதான வழி மாதிரித் தெரியும். நம் கையில் கட்டுப்பாடு இல்லை என்றால் ஒரு நாள் கட்டுப்பாடு வெளியிலிருந்து வரும். வரும்போது வேண்டியதையும் வேண்டாததையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும்.

பேச்சுரிமைக்கு வாதாடிய ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதிய நூலில் ஓர் உதாரணம் வருகிறது. தானிய வியாபாரிகளால்தான் ஏழைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் விட்டுவிட வேண்டும். அதையே ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம். சொல் ஒன்றுதான், அது போய் விழும் இடமும் நேரமும் வேறு. படத்துக்கும் இது பொருந்தும். காவல் நிலையக் கோப்பில் அது சாட்சி. அடையாளம் தெரிவதற்கு முன் தாமான் குழுவில் வந்து விழுந்தால், அதுவே ஒரு தாயின் கழுத்தில் விழுந்த கத்தி.

கேட்க ஆள் இல்லாதபோது

அந்த அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார். “சரிடா, குடும்பத்த கேக்கணும்னா, போர்ல அடிபட்ட பிள்ளைய யார கேப்ப?”

நல்ல கேள்வி. 1972 ஜூன் 8 அன்று வியட்நாமில் நேபாம் குண்டில் உடை எரிந்து ஓடி வந்த 9 வயதுச் சிறுமி கிம் ஃபுக்கின் படம் உலகம் முழுக்கத் தெரியும். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்கும் நிலையும் இல்லை. அந்தப் படத்தை வெளியிட்டது தவறு என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். 2016-இல் முகநூல் நிறுவனம் அதை நிர்வாணப் படம் என்று நீக்கியபோது நார்வேயில் பெரிய எதிர்ப்பு எழுந்து, கடைசியில் திரும்ப அனுமதித்தார்கள். அந்த எதிர்ப்பும் நியாயம்தான். ஆனால் கிம் ஃபுக் வளர்ந்த பிறகு, அந்தப் படத்தால் தான் நெடுங்காலம் கூச்சப்பட்டதையும் அதை வெறுத்ததையும் சொல்லியிருக்கிறார். உலகத்துக்குத் தேவைப்பட்ட படம், அதில் இருந்தவருக்குப் பாரமாக இருந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது.

ஆகவே அனுமதி மட்டும் போதாது, வேறு ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது: இந்தப் படத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யாராவது இருக்கிறாரா? குண்டு போட்டவர்கள், அடித்தவர்கள், கண்டும் காணாமல் இருந்தவர்கள் என்று ஓர் அதிகாரம் அந்தப் பக்கம் நின்றால், படம் அவர்களை நோக்கிப் பேசுகிறது. அது சாட்சி. சாட்சிக்குப் போய்ச் சேர ஒரு முகவரி உண்டு: காவல் துறை, வழக்கறிஞர், பொறுப்புள்ள பத்திரிகை. நம் சமையல் குறிப்புக் குழுவும் பூப்பந்துக் குழுவும் அந்த முகவரிகள் இல்லை.

கீதையின் 17-ஆவது அத்தியாயத்தில் வாக்குத் தவத்துக்குச் சில இலக்கணங்கள் வருகின்றன. பேச்சு பிறரைக் கலங்கடிக்காமல் இருக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும், இதமாக இருக்க வேண்டும், நன்மை தர வேண்டும். உண்மை அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று. ‘உண்மைதானே’ என்பதோடு நாம் நின்றுவிட்டால் மீதியை விட்டுவிடுகிறோம். இதமாக இல்லாத உண்மையையும் சில நேரம் சொல்லத்தான் வேண்டும்; அந்தத் தாய்மார்கள் சொன்னார்கள். ஆனால் அவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். நாம் ஒரு விரலை மட்டும் அசைக்கிறோம்.

நாம் என்ன செய்யலாம்

கடைசியாக, செய்யக்கூடிய சில காரியங்கள். விபத்தைப் பார்த்தால் முதலில் 999. வண்டியின் கேமராவில் ஏதாவது பதிவாகியிருந்தால் காவல் நிலையத்தில் கொடுங்கள். அங்கே அதற்கு மதிப்பு உண்டு. மற்றவர்களை எச்சரிக்க வேண்டுமா, எழுதி எச்சரியுங்கள்: எந்தச் சாலை, எந்தக் கிலோமீட்டர், நெரிசல் எவ்வளவு தூரம். அது சஞ்சயன் வழி. புலனத்தின் அமைப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவிடலாம், ஒரு நிமிட வேலை.

படம் அனுப்புகிறவரைக் குழுவில் வைத்து அவமானப்படுத்த வேண்டாம். தனியாக அழைத்து, “அங்கிள், அந்தக் குடும்பத்துக்குத் தெரிஞ்சிடுச்சா?” என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சிலர் உடனே அழித்துவிடுவார்கள். சிலர் கோபப்படுவார்கள், பிறகு அடுத்த முறை அனுப்ப மாட்டார்கள்.

புலன நிறுவனமே 2020-இல், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியபோது, அப்படிப்பட்ட செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. ஒரு சின்னத் தடை, அவ்வளவுதான். பெரும்பாலோர் தீய எண்ணத்தால் அனுப்புவதில்லை, யோசிக்க ஒரு நொடி இல்லாததால் அனுப்புகிறார்கள் என்றே இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். அந்த ஒரு நொடியை நாமே நமக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, நம் குழுக்களில் இறந்தவர்களின் படம் வராது என்று ஒரு முடிவு எடுத்தால் நன்றாக இருக்கும். அந்த அண்ணன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. “பயமும் கொஞ்சம் வேணும்டா” என்கிறார். வரட்டும், கூட்டத்திலேயே பேசுவோம்.